புள்ளி இரண்டு

இந்தத் தெருவுக்கு ரெசிடென்சி சாலை என்று பெயர்.
அடுத்த இரண்டு வருடத்துக்கு எனக்கும் கிட்டத்தட்ட அதுதான்:
ரெசிடென்ட், குழந்தைகள் மருந்தியல்.
தெருவுக்கு வெள்ளைக்காரன் வைத்தது.
எனக்கு, கவுண்ட்டரில் ஐந்து வருடம் நின்றபின்
"இன்னுமா படிக்கிற?" என்று வீட்டில் கேட்கக் கேட்க
நானே வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

கற்றதில் பாதியை வாசலில் விடச் சொன்னார்கள்.
குழந்தை என்பது சின்ன மனிதன் இல்லை.
அதன் ஈரல் இன்னும் எழுத்துக் கூட்டுகிறது.
சிறுநீரகம் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தது.
எனவே எடை. இன்றைய எடை.
டயப்பரைக் கழற்றி எடுத்த எடையா என்று கேள்,
தாதி ரொஹாயா முறைத்தாலும்
கேள்.

மூன்றாவது வாரம், அதிகாலை மூன்று பத்து.
வார்டிலிருந்து வந்த தாளில்
ஒரு கிலோகூட இல்லாத ஒருத்திக்கு
நான்கு மில்லி என்று இருந்தது.
என் கை மருந்துக்குப்பியின் கழுத்தில் இருந்தது.
சியூ லான் மேசையில் தலை வைத்துத் தூங்கினாள்.
கண்ணாடிக்குப் பின்னால் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன் செய்தேன்.
"புள்ளி வைத்தேனே," என்றான் டாக்டர், தூக்கத்தில்.
வைத்திருந்தான்.
தாளை மடித்த இடத்தில்,
மடிப்புக்குள்
இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சொன்னது:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
இங்கே புள்ளி விட்டால்.

வாக்கியத்தை முடிக்கவில்லை நான்.
பூஜ்யம், புள்ளி, நான்கு என்று
தாளை அழுத்திக் கிழிக்கிற மாதிரி எழுதினேன்.
காலையில் யாரிடமும் சொல்லவில்லை.
தவறு நடக்கவில்லை, சொல்ல என்ன இருக்கிறது?
மதியம் சொன்னேன். படிவம் கொடுத்தார்கள்,
நடக்காததற்கும் ஒரு படிவம் இருக்கிறது.

புனிதமலரின் குழந்தைக்கு இன்னும் பெயரில்லை.
காலில் கட்டிய நாடாவில் அப்படித்தான் இருக்கும்:
புனிதமலரின் குழந்தை.
இதயத்தில் ஒரு துளை, இரண்டு கிலோ நூறு கிராம்,
அறுவைக்குப் பாரம் போதாது, வீட்டுக்குப் போகலாம்.
அப்பா குணசீலன் கொள்கலன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
நாற்பது டன் பெட்டியை லாரி மேல்
விரற்கடை பிசகாமல் இறக்குகிற கை
ஒரு மில்லி சிரிஞ்சைப் பிடித்து நடுங்கியது.

"புள்ளி இரண்டு," என்றேன்.
"ரெண்டா?"
"இரண்டு இல்லை. புள்ளி இரண்டு."
"ஒரு கரண்டில எவ்வளவு வரும் மிஸ்?"
கரண்டி கூடாது, தேக்கரண்டியும் கூடாது,
மூடியில் ஊற்றக் கூடாது.
கூடாதுகளாகவே பேசிக்கொண்டிருந்தேன்.
பாடப்புத்தகத்தில் இந்த இடத்துக்கு அத்தியாயம் இல்லை.

புனிதமலர் பேசவில்லை.
கைப்பையைத் திறந்து
சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள்.
சிரிஞ்சில் என் நகம் காட்டிய இடத்தில்
முடி அளவு ஒரு கோடு.
ஊதிக் காயவைத்தாள்.
"இதுக்கு மேல போகாது," என்றாள் புருஷனிடம்,
கேஸ் அடுப்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

மூன்று வாரம் கழித்துக் கிளினிக்கில் வந்தார்கள்.
தராசில் வைத்தோம். டயப்பர் இல்லாமல்,
நான் கேட்கும் முன்பே கழற்றிவிட்டாள்.
இரண்டு கிலோ அறுநூறு.
சியூ லான் கணக்குப் போட்டாள், நான் தனியாகப் போட்டேன்,
இருவருக்கும் ஒரே விடை வந்தது.

புதிய சிரிஞ்சு நீட்டினேன்.
பழையதையும் கொண்டுவந்திருந்தாள், பிளாஸ்டிக் உறையில்,
கோடு பாதி உதிர்ந்து.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
"பத்தல," என்றாள்.
அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"புள்ளி இரண்டு ஆறு," என்றேன்.
"புள்ளி இரண்டு ஆறு," என்றார் குணசீலன்,
புள்ளியை அழுத்தி.
அவள் நகப்பூச்சின் மூடியைத் திருகினாள்.
இந்தமுறை ஊதியது நான்.